கவிழ்த்துக் கட்டிய படகு

ஏழாம் வகுப்போடு புத்தகப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போய் நின்ற என் வயசுக்காரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். காகிதப்படி நமக்கு இன்னும் வயதாகவில்லை என்பார்கள். பன்னிரண்டு வயதில் ரம்பத்தின் முன்னால் நின்றவளுக்கு வயதைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக்கூடாது, தேய்ந்த முட்டியிலிருந்து எண்ண வேண்டும். என் வலது காது ரம்பச் சத்தத்துக்கே போய்விட்டது. முன்தலை முழுக்க வெள்ளை. கடைக்கு வருகிற பையன்கள் என்னை "ஆயா" என்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

கடை என்றால் ஏதோ பெட்டிக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். சிதம்பரத்தில் நானே நின்று எழுப்பிய மரக்கடை. உள்ளே ரம்பங்கள் ஓடுகின்றன, வாசலில் லாரி நிற்கிறது. என் கையெழுத்தை நான் மெதுவாகத்தான் போடுவேன். ஆனால் ஒரு பலகையின்மேல் உள்ளங்கையை ஓட்டினால் அது எந்தப் பக்கம் வளையும், எந்த இடத்தில் உடையும் என்று சொல்லிவிடுவேன். இந்த ஜில்லாவில் இப்படிச் சொல்கிற இன்னொருத்தி இருந்தால் கூட்டி வாருங்கள், பிரியாணி வாங்கித் தருகிறேன்.

இந்தக் கை எனக்கு ஒரே ஒரு படகில் வந்தது. உட்கார வைத்து யாரும் சொல்லித் தரவில்லை. அடி வாங்கினேன், அடித்தேன், கடித்தேன். அப்படி வந்தது.

கடல் ஊருக்குள் வந்ததே, அதற்கு அடுத்து வந்த வெயில் காலம் அது. கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் அப்பாவுக்கு ஒரு தகர ஷெட் இருந்தது. படகு கட்டுவதும் பழைய படகுகளைப் பழுது பார்ப்பதும் அவர் வேலை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதே ஷெட்டின் ஒரு மூலையில் வட்ட ரம்பம் போட்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள். குடித்த கையோடு அடித்துக்கொள்வார்கள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். கடல் வந்த அந்த மார்கழித் திருவாதிரைக்கு அம்மா என்னை மட்டும் சிதம்பரத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். தம்பிக்குச் சளி. அதனால் அவனை அப்பாவோடு விட்டுவிட்டுப் போனோம். செய்தி கேட்டு, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு நாங்கள் திரும்பி வந்தபோது அவனை அடக்கம் பண்ணி முடித்திருந்தார்கள். கவிழ்ந்து கிடந்த ஒரு வள்ளத்துக்கு அடியில் கிடைத்தான் என்று மட்டும் சொன்னார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பொம்பளை மனசு தாங்காது என்று ஆம்பளைகள் எல்லாம் கூடி முடிவெடுத்து வாயை மூடிக்கொண்டார்கள். அதோடு கவிழ்ந்த படகு எதுவும் அம்மாவின் கண்ணில் படக்கூடாது என்றும் பேசிவைத்துக்கொண்டார்கள். ஷெட்டைச் சுற்றிக் கிடந்த உடைந்த வள்ளங்களை எல்லாம் அப்பாவும் மாமாவும் நிமிர்த்தி வைத்தார்கள். நிமிராதவற்றைக் கோடாரியால் பிளந்தார்கள்.

அம்மா ஒரே முடிவில் இருந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கே போய்விடுவது. பெரியம்மா வீட்டின் பின்பக்கம் ஓர் அறை காலியாக இருந்தது.

"போறேன்யா. பொண்ணக் கூட்டிக்கினு போறேன். நீ ஒன் ஷெட்டக் கட்டிக்கினு அழு."

"வாசப்படி தாண்டிப் பாரு. கால ஒடச்சிருவேன்."

"ஒடை. ஒடச்சிட்டு நீயே தூக்கினு போயி பஸ்சுல ஏத்தி வுடு."

அப்பா சோற்றுத் தட்டை எறிவார். அம்மா செம்பை எறிவாள். தட்டு எப்போதும் சுவரில்தான் படும், செம்பு எப்போதும் ஆள்மேல்தான் படும். அவள் குறி அப்படி. ஒருநாள் நடுவில் புகுந்த என் புருவத்தில் பட்டுப் பிளந்தது. அந்தத் தழும்பைக் காட்டித்தான் இன்றைக்கும் கடைப் பையன்களை மிரட்டுகிறேன். அப்பா அவள் தலைமுடியைப் பிடிப்பார், அவள் அவர் கையைக் கீறுவாள், மாமா வந்து இரண்டு பேரையும் பிரித்துவிட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக்கொள்வார்.

பள்ளிக்கூடம் கொஞ்ச காலம் நிவாரண முகாமாக இருந்தது. பிறகு திறந்தார்கள். நான் போகவில்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. ஷெட்டுக்குப் போனேன். அங்கேயும் அடிதான் என்றாலும், மரத்தூள் வாசனையோடு வருகிற அடி பரவாயில்லை. அம்மா போனால் நானும் போயாக வேண்டும். அது எனக்குத் தெரியும். அதனால் தினமும் காலையில் அவள் பெட்டி கட்டியிருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் ஷெட்டுக்கு ஓடுவேன்.

அப்போதுதான் அண்ணாமலை நகரிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் மொபெட்டில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், பேசும்போது யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார். கையில் கலர் ஜெராக்ஸ் தாள்கள். வெளிநாட்டில் கயாக் என்று சொல்வார்களாம், ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. உப்புத் தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கிற சுரபுன்னைக் காட்டு வாய்க்காலுக்குள் நுழைந்து போக அவருக்கு அது வேண்டும்.

"ஒத்த ஆளுன்னா வலைய எங்க சார் வக்கிறது?" என்றார் அப்பா.

"வலை இல்லீங்க. நான் நண்டு பாக்கப் போறேன்."

"பாக்கறதுக்கா? புடிக்கறதுக்கு இல்லியா?"

"பாத்துட்டு வந்துடுவேன். படகு ரொம்ப லேசா இருக்கணும். நானே தோள்ல தூக்கிட்டுப் போற மாதிரி."

"தோள்ல தூக்கினு போறதுக்குப் பேரு படகு இல்ல சார். பாடை."

மாமா சிரித்துவிட்டார். வாத்தியாரும் சிரித்தார். ஆனாலும் அப்பா ஒத்துக்கொண்டார். ஷெட்டில் வேறு வேலை இல்லை. உதவிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் மீனவர் எல்லோருக்கும் ஃபைபர் படகாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தப் படகு கட்டுகிற விதம் நம் விதம் இல்லை. ஓட்டு வீட்டுக் கூரைக்கு அடிப்பார்களே ரீப்பர், அதையே விரல் அகலத்துக்கும் கால் அங்குலத் தடிமனுக்கும் மெலிதாக அறுக்க வேண்டும். படகின் குறுக்கு வடிவத்துக்கு வெட்டிய அச்சுப் பலகைகளை ஒரு நீளச் சட்டத்தின்மேல் வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் ரீப்பரை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வளைத்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஆணி கிடையாது. பசை காய்கிற வரைக்கும் சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டி வைக்க வேண்டும். மேலே ஃபைபர் துணி போர்த்தினால் முடிந்தது. எல்லாம் சரி. ஆனால் படத்தில் படகு கவிழ்ந்து இருந்தது. வயிறு மேலே, வாய் கீழே. அப்படி வைத்துத்தான் கட்ட வேண்டும்.

அப்பா அந்தத் தாளை ஒரு தடவை பார்த்தார். அதைத் தலைகீழாகத் திருப்பி ஷெட் தூணில் ஆணி அடித்து மாட்டினார்.

மாமா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "மச்சான், ஆளுங்க எல்லாம் தலகீழா நிக்கிறாங்க."

"நிக்கட்டும். படகு நேரா இருக்குதில்ல?"

முதலில் மரம். அப்பா எடுத்தது தேக்கு வைரம். கதவுக்கும் நிலைக்கும் எடுக்கிற கை அது, கறுத்து இறுகிய நடுமரத்தைத் தவிர மற்றதைத் தொடாது. அந்தத் தேக்கில் ரீப்பர் அறுத்து, நான் இரண்டு முனையையும் பிடித்து வில் மாதிரி வளைத்தேன். டிக் என்று உள்ளே ஒரு சத்தம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வளைத்ததும் அது முறிந்து அதன் சிராய் என் கட்டை விரலுக்குள் இறங்கியது.

"இது ஒடையும்ப்பா. கனமாவும் இருக்குது," என்றேன்.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. "வைரத்தையே கொற சொல்றியா, கழுத?"

மறுபடியும் ஒன்றை வளைத்தேன். மறுபடியும் டிக். அடுத்தது மாமாவுக்கு விழுந்தது, அவர் சிரித்ததற்காக. மாமா கையில் இருந்த மரச் சுத்தியலை, கொட்டாப்புளி என்போமே, அதை அப்பாமேல் வீச, அது தகரத்தில் பட்டு ஆற்றங்கரை நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன. அன்றைக்கு மரம் எடுக்கிற வேலை மாமாவுக்கும் எனக்கும் வந்து சேர்ந்தது.

லால்பேட்டையில் ஒரு பாயின் மரக்கடைக்கு டெம்போவில் போனோம். பாய் வெள்ளைத் தாடியும் வெற்றிலை வாயுமாக இருப்பார். மலைவேம்புப் பலகைகள் மழை படாமல் உள்ளே அடுக்கியிருந்தன. இளஞ்சிவப்பாக, தூக்கினால் கையில் இருக்கிறதா என்றே தெரியாத மரம். நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன், முகர்ந்தேன், முனையில் நாக்கை வைத்துப் பார்த்தேன். ஈரம் இருந்தால் நாக்கு வழுக்கும், காய்ந்திருந்தால் ஒட்டும். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், எனக்கே தோன்றியது. கண்ணு இருந்த பலகையை எல்லாம் ஒதுக்கினேன். கிளை முளைத்த இடத்தில் கறுப்பு வட்டமாக இருக்குமே, அதைத்தான் கண்ணு என்போம். நார் பலகையின் நீளத்துக்கு வகிடு எடுத்த மாதிரி ஓட வேண்டும், பக்கவாட்டில் வழிந்து ஓடக்கூடாது.

"மாஷா அல்லாஹ்! இந்தப் புள்ள பொண்ணு பாக்க வந்த மாமியா கணக்கால்ல பாக்குது," என்றார் பாய். "எது குடுத்தாலும் மூஞ்சியச் சுளிக்குது."

நான் தேர்ந்தெடுத்த பலகைகளை லோடு ஏற்றுகிறவன் டெம்போவுக்குள் தொப்பென்று போட்டான். ஒரு பலகை நுனியில் வெடித்தது. மாமா நேரே போய் அவன் மூக்கில் குத்தினார். அவன் மாமாவின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினான். இரண்டு பேரும் மரத்தூளில் உருண்டார்கள். பாய் அளவுகோலை எடுத்து வந்து யார் மேலே இருக்கிறார்களோ அவர்கள் முதுகில் போட்டார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! வெள்ளிக்கெழம அதுவுமா எங் கடைல ரத்தமா? போங்கடா அந்தாண்ட!"

அவரே வெடித்த பலகைக்குப் பதில் இன்னொன்று எடுத்துப் போட்டு, மஞ்சளாக ஒரு பலாப் பலகையையும் சேர்த்துக் கொடுத்தார். "நடுவுல ஒரு கோடு வுடு. அழகா இருக்கும்," என்று என்னிடம் சொன்னார். மாமா திரும்பி வரும் வழியெல்லாம் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினார்.

மெல்லிய ரீப்பர் அறுப்பது விளையாட்டில்லை. மாமா இந்தப் பக்கம் நின்று பலகையைத் தள்ளுவார், நான் அந்தப் பக்கம் நின்று வெளியே வருவதைப் பிடித்து இழுப்பேன். ரீப்பர் வெளியே வரும்போது வெதுவெதுப்பாக இருக்கும், அதன் தூள் மூக்குக்குள் கசக்கும். பிளேடுக்கும் தடுப்புக் கட்டைக்கும் நடுவில் அது சிக்கிக்கொண்டால் வந்த வழியே திரும்பிப் பாயும். அப்படி ஒன்று பாய்ந்தது. விஷ்ஷென்று ஒரு சத்தம்தான் எனக்குக் கேட்டது. பார்த்தால் மாமாவின் தொடையில் ஒரு முழ நீளத்துக்கு ரீப்பர் நட்டு வைத்த மாதிரி நின்று ஆடுகிறது.

மாமா அதைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தானே பிடுங்கினார். பிடுங்கி என்னிடம் நீட்டினார். "நாரு நேரா இருக்குதா பாரு."

"இருக்குது மாமா."

"அப்ப நல்லதுல சேத்து வை."

சொல்லிவிட்டு மயங்கி விழுந்தார். தையல் போட்டுக்கொண்டு வந்த ஆளை அப்பா ரம்பத்தின் பழைய பெல்ட்டால் விளாசினார். ரத்தம் பட்ட மரத்தைப் படகில் வைப்பாயா என்று கேட்டுக் கேட்டு விளாசினார். அந்த ஒரு ரீப்பரை அடுப்பில் வைத்து எரித்த பிறகுதான் அவருடைய கை நின்றது.

இப்போது ரீப்பரைத் தேர்ந்தெடுப்பது முழுக்க என் ராஜ்ஜியம். ஒரே பலகையில் அடுத்தடுத்து அறுபட்டு வருகிற இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை இடது பக்கம் வைத்தால் மற்றதை வலது பக்கம் அதே இடத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே அளவு வளையும், படகு கோணாது. அதனால் அறுபட்ட வரிசை கலையாமல் ஜோடி ஜோடியாகக் கட்டி வைத்தேன். நன்றாக வளைவது மூக்குக்கும் வாலுக்கும், விறைப்பானது நடு வயிற்றுக்கு. டிக் என்று சொன்னது எல்லாம் அடுப்புக்கு. அம்மாவுக்கு அந்த மாதம் விறகுக் கவலையே இல்லை.

அப்பா படகை நிமிர்த்தித்தான் கட்டுவேன் என்றார். அச்சுப் பலகைகளைத் தொட்டில் மாதிரி மல்லாத்தி வைத்து, உள்பக்கமாக ரீப்பரை அழுத்தி வளைத்தார். ரீப்பருக்கு அது பிடிக்கவில்லை. வளைந்த மரம் நிமிரத்தான் பார்க்கும். அச்சின் முதுகில் போட்டுக் கட்டினால் அந்த முறுக்கே அதை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும். உள்ளே போட்டு அழுத்தினால் எகிறும். அப்பா ஒரு முனையைப் பிடிப்பார், மறு முனை பிடுங்கிக்கொண்டு வரும். ஒருநாள் பசையோடு எகிறிய ரீப்பர் அவர் முகத்தில் சாட்டை மாதிரி விழுந்து, உதட்டிலிருந்து காது வரைக்கும் கோடு கிழித்தது.

"மச்சான், கவுத்துப் போட்டா அதுவே ஒக்காந்துக்கும்," என்றார் மாமா. "சொன்னா கேளு."

"இந்த ஷெட்டுல கவுந்த படகு இருக்காது."

"அக்காதான் இங்க வர்றதே இல்லியே! சோத்தக்கூட வெளிக் கதவுகிட்ட வச்சிட்டுப் பூடுது. அது எங்கப் பாக்கப் போவுது?"

"இருக்காதுன்னா இருக்காதுடா!"

அப்பா ரத்தம் ஒழுகுகிற முகத்தோடு என் கட்டுகளை எடுத்தார். நான் ஜோடி சேர்த்துக் கட்டி வைத்திருந்த ரீப்பர்களைத் தொடையில் வைத்து முறித்தார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நான் பாய்ந்து போய் அவர் முன்கையைக் கடித்தேன். விடவே இல்லை. உப்பும் பசையும் இரும்புமாக ஒரு ருசி. அவர் உதறிய உதறலில் தகரச் சுவரில் போய் மோதி விழுந்தேன். பெற்ற அப்பனைக் கடித்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான் என்று பிற்பாடு சொல்லிக் காட்டினார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் வெட்கமில்லை.

மறுநாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணாமலை நகருக்கு பஸ் ஏறினார். இந்தப் படகு நம்மால் ஆகாது என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வரப் போனார். வீட்டில் அம்மா அன்றைக்கு நிஜமாகவே பெட்டி கட்டியிருந்தாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போகிறோம் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நான் ஷெட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன்.

மாமா தொடையைத் தடவிக்கொண்டே எழுந்தார். "போறதுன்னா போங்க. இத ஒரு தடவையாவது ஒழுங்கா ஒக்கார வச்சிப் பாத்துருவோம், வா."

இரண்டு பேருமாகச் சட்டத்தோடு சேர்த்து அச்சுகளைப் புரட்டினோம். வயிறு மேலே, வாய் கீழே. மிச்சமிருந்த ரீப்பர்களில் முதல் ஜோடியைப் போட்டேன். வெந்நீர்த் துணியைச் சுற்றி, டியூப்பைக் கட்டினோம். சொன்னபடி கேட்டது. பூனைக்குட்டி மடியில் படுக்கிற மாதிரி படுத்தது. அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி. நடுவில் பாய் கொடுத்த பலாக் கோடு. மத்தியானத்துக்குள் பாதி வயிறு மூடிவிட்டது. ரம்பமும் இழைப்புளியுமாக நாங்கள் போட்ட சத்தத்தில் அம்மா வெளிக் கதவில் நின்று கூப்பிட்டது கேட்கவில்லை.

அதனால் அவள் உள்ளே வந்தாள்.

மாமா தார்ப்பாயை எடுக்க ஓடி, தையல் போட்ட கால் மடங்கிக் கீழே விழுந்தார். நான் இரண்டு கையையும் விரித்துப் படகை மறைத்து நின்றேன். அம்மா சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தாள். என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டுத் தள்ளினாள். உடைக்கப் போகிறாள், போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

உடைகிற சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் முட்டி போட்டுக் குனிந்து, இழைத்துப் போட்ட சுருள்களின்மேல் மல்லாந்து, தோளால் நகர்ந்து நகர்ந்து படகுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தாள்.

நானும் குனிந்து பார்த்தேன். ரீப்பர் இடுக்குகள் வழியாக வெயில் கோடு கோடாக அவள் முகத்தில் விழுந்திருந்தது. அவள் கையை உயர்த்தி மரத்தின் உள்பக்கத்தைத் தடவினாள். பசை காயாத இடத்தைத் தொட்டு விரலை மோந்தாள்.

"அடியில இவ்ளோ வெளிச்சம் இருக்குமா?" என்றாள்.

"இன்னும் முழுசா மூடலம்மா."

"அது மூடியிருந்துச்சு. இல்ல?"

ஊரே சேர்ந்து அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்த ஒன்றை அவள் அத்தனை மாதமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதன் அடியில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று.

அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். கவிழ்ந்த படகையும் அதற்கடியில் நீட்டிக்கொண்டிருந்த அம்மாவின் இரண்டு கால்களையும் பார்த்தார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தம் இல்லை. கையில் கிடைத்த ரீப்பரை எடுத்து மாமாவைத் தோளிலும் தலையிலும் அடித்தார். அது உடைந்ததும் இன்னொன்றை எடுத்தார். மாமா தடுக்கவே இல்லை. தையல் பிரிந்து வேட்டி சிவந்தது.

"யார்றா கவுத்தது? யார்றா கவுத்தது?"

"நாந்தான் மச்சான்! அடி, ஆனா அக்கா வேணும்னுதான் பாக்குது. பாக்கட்டும் வுடு!"

"வெளிய இழுடா அவள!"

யாரும் இழுக்கவில்லை. அவளாகவே வந்தாள். தலையெல்லாம் மரச்சுருள். மேஜையில் கிடந்த கொட்டாப்புளியை எடுத்தாள். அப்பா மேஜை விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அம்மா எதிரில் போய் நின்றாள்.

"புள்ள எப்பிடி அதுக்கு அடியில போனான்?"

"அது எதுக்கு இப்ப..."

கொட்டாப்புளி அவர் கைக்குப் பக்கத்தில் மேஜையில் இறங்கியது. பசை டப்பா துள்ளிக் கீழே விழுந்தது.

"எப்பிடிப் போனான்?"

இரண்டாவது அடி அவர் விரல்கள்மேல் விழுந்தது. காய்ந்த ரீப்பர் முறிகிற அதே சத்தம். அவர் கையை எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எடுக்கவே இல்லை.

"நாந்தான் கவுத்தேன்," என்றார். "அலை கவுக்கல. காலைலயே நாந்தான் கவுத்து வச்சேன். தார் பூசறதுக்கு. நெழலா இருக்குதுன்னு அவன் அடியில பூந்துக்கினான். மரத்தூள்ல வூடு கட்டிக்கினு வெளாண்டான். 'நீயும் உள்ள வாப்பா'ன்னான். சளிக்கு மாத்தர வாங்கியாறேன், நீ இங்கயே இருன்னேன். இங்கயே இருன்னு சொன்னேன்டி. இங்கயேதான் இருந்தான்."

ரம்பத்தை நிறுத்த நாங்கள் மறந்திருந்தோம். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா தவழ்ந்து போய் நிறுத்தினார்.

"என்னா சட்ட?" என்றாள் அம்மா.

"பச்ச. திருவாதிரைக்குன்னு நீ எடுத்து வச்சது. ஊருக்குத்தான் கூட்டினு போவல, சட்டையாவது போட்டுக்கறேன்னு ஒரே அடம்."

அம்மா கொட்டாப்புளியை மேஜைமேல் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். அவள் எதையாவது எறியாமல் வைத்ததை அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நம் வயசுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்க்கிறேன். அம்மாவுக்காக மூடிய வாய் என்று ஊர் முழுக்க நினைத்திருந்தது. பெரிய மனிதர்கள் எல்லாம் அப்படித்தான் நினைத்து, அப்பாவின் முதுகைத் தட்டிக் கொடுத்து, நல்ல வைராக்கியம் என்று பாராட்டினார்கள். யாராவது ஒருவர் அந்த மனிதனை உட்கார வைத்து, என்னடா நடந்தது என்று கேட்டிருந்தால், அவர் அன்றைக்கே சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். கேட்பதற்கு ஒரு கொட்டாப்புளியும் அதைத் தூக்க ஒரு பொம்பளையும் தேவைப்பட்டது.

அப்பாவின் விரல்கள் வீங்கிக்கொண்டே வந்தன. மாமா என்னைப் பார்த்து, "ரெண்டு எடு," என்றார். குட்டையாக, கண்ணு இல்லாமல், சிராய் இல்லாமல் இரண்டு ரீப்பர்த் துண்டுகள் எடுத்தேன். முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தேன். கைக்கு மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து மாமா துணியால் கட்டினார். ஆஸ்பத்திரிக்கு வா மச்சான் என்று கெஞ்சினார். அப்பா காதில் வாங்கவில்லை. அவர் வெளிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தாள்.

அப்பா ஆகாது என்று சொல்லப் போன அந்தப் படகை மாமா ஒருத்தராகவே கட்டி முடித்து அண்ணாமலை நகருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாத்தியார் மாற்றலாகிப் போனபோது அதையும் எடுத்துக்கொண்டு போனாரா, யாருக்காவது கொடுத்துவிட்டாரா, தெரியாது. அது தண்ணீரில் மிதந்ததை நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் பெட்டியோடு முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறினோம். அம்மா ஜன்னலோரம், நான் பக்கத்தில். பஸ் கிளம்பிய பிறகு பின்படியில் யாரோ தொற்றி ஏறினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா கடைசி சீட்டில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தப்பு செய்து வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ரீப்பர் கிழித்த கோடு. நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வெளியே உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா?"

"சிதம்பரம். மூணு."

கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ரெண்டு பேருதான இருக்கீங்க? அதுலயும் பாப்பாவுக்கு அரை போதும்."

"அது வேலைக்குப் போற பொண்ணு, முழுசாவே குடு," என்றாள் அம்மா, ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்காமல். "பின்னால ஒரு ஆளு கையில கட்டோட ஒக்காந்துருக்கும். அதுகிட்டப் போயி டிக்கெட்டு கேக்காத."